புதுப்பிப்பு: சதுப்புநிலப் படிவில் கிடைத்த பழுப்பு வில்லைகள்

சதுப்புநிலப் படிவைச் சலித்தபோது கிடைத்த, அரை மில்லிமீட்டருக்கும் சிறிய பழுப்பு நிற நீள்வட்ட வில்லைகள் என்னவென்று முன்பு கேட்டிருந்தேன். சிலர் விதை என்றீர்கள், சிலர் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளின் முட்டையுறை என்றீர்கள். விடை கிடைத்துவிட்டது: பிரயோசோவா எனப்படும் பாசி விலங்கின் (நீரில் கூட்டமாக வாழும் சிற்றுயிர்) ஸ்டேடோபிளாஸ்ட்கள், அதாவது கடின உறையுள்ள உறக்கநிலை மொட்டுகள்; புளுமடெல்லா வகை.

முடிவுக்கு வர உதவியது ஓரத்து வளையம்தான். நடுவில் கருத்த உறை, சுற்றிலும் நுண்ணிய அறைகளாலான வெளிறிய பட்டை. அந்த அறைகளில் காற்று நிறைந்திருப்பதால்தான் இவை நீரில் மிதந்து பரவுகின்றன. எவ்வளவு அழகான ஏற்பாடு! டாஃப்னியாவின் முட்டையுறையான எஃபிப்பியம் என்றால் ஒரு விளிம்பு ஏறத்தாழ நேராகவும், உள்ளே இரண்டு முட்டைகளுக்கான தடத்துடனும் இருக்கும். கிறிஸ்டடெல்லா என்ற இன்னொரு பிரயோசோவாவின் ஸ்டேடோபிளாஸ்ட் வட்டமானது, பெரியது, ஓரத்தில் கொக்கிகள் கொண்டது. கொக்கிகள் ஒடிந்துபோவதும் உண்டு என்பதால் வடிவத்தையும் சேர்த்தே பாருங்கள்.

படிவை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மிதமாகச் சூடாக்கினால் மக்கிய கரிமப் பொருள் பிரிந்துவிடும், இந்த உறைகளில் உள்ள கைட்டின் என்ற உறுதியான பொருள் தாங்கும். அமிலத்தை மட்டும் முதலில் ஊற்றாதீர்கள். ஆஸ்ட்ரகோட் என்ற இரட்டை ஓடுடைய சிறு நீர்வாழ் உயிர்களின் ஓடுகள் கால்சியம் கார்பனேட், கரைந்தே போய்விடும்.

அதே மாதிரியில் கைரோனோமிட் (கடிக்காத கொசு போன்ற ஈ) புழுக்களின் தலையுறைகளும் உள்ளன. அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைத்தால்தான் பல்வரிசை தெளிவாகத் தெரிகிறது. அவற்றின் படங்களை அடுத்துப் போடுகிறேன், பேரினம் வரை சொல்ல முடிந்தவர்கள் உதவுங்கள்.