சிறையா இருந்த ஹோட்டலில தங்கின ஆக்கள் சொல்லுங்கோ

உப்புவெளி மகள்:

யாழ்ப்பாணத்துக் காரைநகர்க் கடற்கோட்டையைத்தான் சொல்லுறன், ஹம்மன்ஹீல். கடற்படை ஹோட்டலா நடத்துற இடம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். திருகோணமலையில இருந்து வான் பிடிச்சு அம்மாவோட, தம்பி குடும்பத்தோட போனம். இடம் வடிவு, சாப்பாடு நல்லம். அதை விடுங்கோ.

அறைக்குள்ள போகேக்க அம்மா பையைக் கீழ வைக்கேல்ல. கதவடியில நிண்டு நாதாங்கியை இழுத்துப் பாத்திட்டு, சாவியோட வந்த பொடியனிட்டக் கேட்டா: “தம்பி, இது உள்ளுக்கால பூட்டுறதோ, வெளியாலயோ?” அந்தப் பிள்ளைக்குத் தமிழ் மட்டுமட்டு. சிரிச்சுக்கொண்டு சாவியைக் கையில குடுத்தான். அம்மா சிரிக்கேல்ல. இரவு முழுக்கச் சாவி அவட முந்தானையில முடிஞ்சபடி.

எங்கட மாமா எண்பதுகளில உள்ளுக்க இருந்தவர். அம்மாதான் சோத்துப் பாசலோட பாக்கப் போறவ. வாசலில பாசலைப் பிரிச்சு, சோத்துக்குள்ள கம்பி விட்டுக் கிண்டிப் பாப்பினமாம். பிறகு அதையே தின்னக் குடுக்கிறது. இத்தனை வருசமா வாய் திறக்காத மனுசி, அண்டைக்கு இரவுதான் சொன்னா.

1971இல ஜே.வி.பி. அரசாங்கத்துக்கு எதிராச் செய்த கிளர்ச்சியில பிடிபட்ட சிங்களப் பொடியளையும் அந்தக் கோட்டையில அடைச்சு வச்சிருந்தது. பழைய மறியல் கூட்டை ஆக்கள் பாக்கட்டும் எண்டு விட்டிருக்கினம். காலமை அம்மா அதுக்கு முன்னால கனநேரம் நிண்டிட்டு, “இதுகளின்ட தாய்மார் இந்தத் தண்ணிக்கு நடுவில எப்பிடி வந்து பாத்திருக்குங்கள்?” எண்டு கேட்டா. எனக்கு அது மனசை விட்டுப் போக மாட்டன் எண்டுது.

மூதூர்க்காரன்:

அக்கா, கோவிக்க வேண்டாம். அம்மாவை அங்க கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாது. மறியலை ஹோட்டலாக்கிறதே எனக்குச் சரியாப் படேல்ல. கொழும்பு வெலிக்கடைச் சிறையில 1983 யூலை 25ஆம் திகதியும் 27ஆம் திகதியும் 53 தமிழ்க் கைதியளை வெட்டியும் அடிச்சும் கொலை செய்தவங்கள். நாளைக்கு அங்க ஆரும் கட்டில் போட்டு ஏசி பூட்டினா நாங்க போய்ப் படுப்பமா?

நான் கடற்கோட்டையில தங்கேல்ல. ஊர்காவற்றுறை ஜெற்றியில நிண்டு பாத்ததோட சரி. பக்கத்தில வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா, வெள்ளைக்காரன் காலத்தில மறியல், பேந்து தொற்றுநோய் ஆசுப்பத்திரி எண்டு சொன்னார். கரைக்கு வேண்டாத ஆக்களைத் தள்ளி வைக்கிற இடமாவே இருந்திருக்கு. என்னால அங்க ஒரு பிடி சோறு தின்ன ஏலாது.

மலைக்கோட்டையடி:

மூதூர்த் தம்பி, உங்கட கோவம் விளங்குது, ஆனா ஒத்துப்போக மாட்டன். கனடாவில படிக்கேக்க ஒட்டாவாப் பழைய ஜெயிலில தங்கினனான். 1862இல திறந்தது, 1972இல மூடினது, அடுத்த வருசமே விடுதியாக்கிப் போட்டினம். கூட்டுக்குள்ள கையை விரிச்சா ரெண்டு சுவரும் முட்டும். தூக்குமேடை இன்னும் இருக்கு. டாசி மக்கீ எண்ட அரசியல்வாதியைச் சுட்ட வழக்கில பற்றிக் வீலன் எண்ட தையல்காரரை 1869 பெப்ரவரி 11ஆம் திகதி அங்கதான் தூக்கினது. வேடிக்கை பாக்க 5000 சனமாம். நான் செய்யேல்ல எண்டு கடைசி மட்டும் சொன்ன மனுசன்.

எங்களோட வந்த ஒரு பொடியன் தூக்குமேடையோட நிண்டு இளிச்சபடி செல்பி எடுத்தான். விளக்கம் சொன்ன பொம்பிளை அவனை ஏசேல்ல. “அவற்ற உடலையும் இந்த ஜெயில் வளவுக்குள்ளதான் தாட்டது” எண்டு மட்டும் சொன்னா. அவன் போனைப் பொக்கற்றுக்க வச்சிட்டான். இடிச்சுக் கடைத்தொகுதி கட்டியிருந்தா வீலன் எண்ட பேர் எனக்கு எங்க தெரியப்போகுது? நாங்க கோணேசர் கோயிலுக்குப் போறது எதுக்குள்ளால? கோயிலை இடிச்சுப் போர்த்துக்கேயர் கட்டின கோட்டைக்குள்ளால. அந்த வாசலால போகாம விட்டமா? கட்டிடம் நிக்கட்டும், ஆனா நடந்ததை மறைக்காமச் சொல்லோணும்.

நிலாவெளி வான்:

நான் ஏத்திக்கொண்டு போன ஒரு குடும்பத்தில, தகப்பன் படகில ஏற மாட்டன் எண்டிட்டார். மற்ற ஆக்கள் கோட்டைக்குப் போக, அவர் கரையில என்ர வானுக்குள்ள படுத்தார். ஏன் எண்டு நான் கேக்கேல்ல. அதால சொல்லுறன், வெளிக்கிட முதல் வீட்டுப் பெரியாக்களிட்ட அது என்ன இடம் எண்டு சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ.

மற்றது, ஹொரவப்பொத்தானையால வவுனியாவுக்கு ஏறி ஏ9இல போங்கோ. விடிய வெளிக்கிட்டா மத்தியானம் யாழ்ப்பாணம். பொன்னாலைப் பாலத்தை வெளிச்சத்தோட தாண்டுங்கோ, கொக்கும் நாரையும் பாக்கலாம். வாடைக்காலத்தில கடல் குழம்பும், வயசாளியளைப் படகில ஏத்த ரெண்டு பக்கமும் ஆள் பிடிக்கோணும். பிறஷர், சீனி வருத்தக் குளிசையளை வானுக்குள்ள விட்டிட்டுப் போகாதேங்கோ. இரவில தேவைப்பட்டா, படகு வந்தாத்தான் கரைக்கு வரலாம். குடிக்கத் தண்ணியும் கொண்டு போங்கோ. 1658இல ஒல்லாந்தர் வளைச்சு நிக்கேக்க, தண்ணித்தொட்டி உடைஞ்சு குடிக்க வழியில்லாமத்தான் போர்த்துக்கேயர் அந்தக் கோட்டையைக் குடுத்தவங்கள். அடையாள அட்டை எல்லாரிட்டயும் இருக்கட்டும். அறை கொஞ்சம்தான், முதலே கேட்டு உறுதிப்படுத்தாம ஒருத்தரும் வெளிக்கிடாதேங்கோ.