‘அவர் டவுன்’ மூன்றாம் அங்கம்: ஒரே நடிகருக்கு இரண்டு வேடம், இடிக்கிறது

வணக்கம். தார்ன்டன் வைல்டரின் ‘அவர் டவுன்’ (Our Town, 1938) நாடகத்துக்கு ஒத்திகை போய்க்கொண்டிருக்கிறது. ஆள் பன்னிரண்டு பேர்தான், அதனால் பலருக்கு இரட்டை வேடம். பேராசிரியர் வில்லர்டே பிறகு இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர் ஜோ ஸ்டாடர்ட். பேப்பர் போடும் ஜோ குரோவலே அடுத்த அங்கத்தில் தம்பி சை. இதெல்லாம் உறுத்தவில்லை.

சிக்கல் பால்காரர் ஹோவி நியூசமும், குடிகாரப் பாடகர்குழுத் தலைவர் சைமன் ஸ்டிம்சனும். இருவரும் ஒரே நடிகர். முதல் அங்கத்தில் சமாளித்துவிட்டோம். மூன்றாம் அங்கம் கல்லறைத் தோட்டம்; அதில் ஸ்டிம்சன் இறந்தவர்களோடு, கல்லறைகளாக வைத்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதே நேரத்தில் இறந்துபோன நாயகி எமிலி தன் பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு, 1899க்குத் திரும்பும்போது ஹோவியும் தெருவில் வர வேண்டும்.

ஹோவியைத் திரைக்குப் பின்னால் குரலாக வைத்துப் பார்த்தோம். இல்லாத குதிரையையும் இல்லாத பால் பாட்டிலையும் பாவனையாலேயே கண்ணுக்குக் காட்டவேண்டிய ஆள் அவர். குரல் மட்டும் சப்பென்று இருந்தது. நாடகத்தில் கதை சொல்லும் பாத்திரமான மேடை மேலாளரே பேசட்டும் என்றால், அவர் ஏற்கெனவே சோடாக்கடைக்காரர், பாதிரியார் எல்லாம் ஆகிவிட்டார். ஸ்டிம்சனைத் தூக்கிவிடலாம் என்றார் ஒருவர். அந்த மனிதரின் கசப்பு இல்லாவிட்டால் கல்லறைக் காட்சி வெறும் இனிப்பு, நான் சம்மதிக்கவில்லை.

1899 காட்சியில் எமிலியின் கணவர் ஜார்ஜ் கிப்ஸாக நடிப்பவர் சும்மாதான் இருக்கிறார். தொப்பி, கம்பளிச் சால்வையோடு அவரே ஹோவியாக வந்தால், கடைசியில் எமிலியின் கல்லறையில் ஜார்ஜாக அவர் விழுந்து அழும்போது பார்வையாளர் குழம்புவார்களா?