செர்ரி லாம்பிக்கில் நெயில் பாலிஷ் வாடை: கெட்டுவிட்டதா?

வேலை விஷயமாக பிரஸ்ஸல்ஸில் இருக்கிறேன். இங்குள்ள புளிப்பு பியர்களை ஒவ்வொன்றாகச் சுவைத்து வருகிறேன். நேற்று ஓர் அவ்டே கிரீக் (செர்ரி ஊறவைத்த லாம்பிக்; லாம்பிக் என்றால் காற்றிலுள்ள ஈஸ்ட்டால் தானாக நொதிக்கும் பெல்ஜியப் புளிப்பு பியர்) திறந்ததில் சந்தேகம் வந்துவிட்டது.

நிறம் மாதுளைச் சாறு மாதிரி அருமை. இளஞ்சிவப்பு நுரை சட்டென்று அடங்கியது. முதலில் புளிப்புச் செர்ரி, அப்புறம் லேசாகப் பாதாம் வாசனை. பழத்தைக் கொட்டையோடு ஊறப்போடுவதால் அது வரும். இனிப்பு துளியும் இல்லை, அதுவும் சரி. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் ஈஸ்ட், பழத்தின் சர்க்கரையையும் தின்றுவிடும். பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் தரும் குதிரை லாய வாடைகூட எனக்குப் பழகிவிட்டது (வீட்டில் மனைவிக்குத்தான் இன்னும் பழகவில்லை).

பிரச்சினை வேறு. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் நெயில் பாலிஷ் நெடி. விழுங்கினால் வினிகர் குடித்தது போலத் தொண்டையில் எரிச்சல். போன வருடம் பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் உள்ள கான்டியோன் பியர் ஆலையில் குடித்த கிரீக்கும் நல்ல புளிப்புதான். ஆனால் அது தயிர்ப் புளிப்பு, எரிச்சல் இல்லை. நேற்றையது வேறு ஆலையுடையது. 75 செ.லி. கார்க் பாட்டில், நான்கு மாதமாகச் சமையலறை அலமாரியில் நின்றபடியே இருந்தது. கோடை வேறு.

இந்த நெடி லாம்பிக்கில் இயல்புதானா? இல்லை, கார்க் காய்ந்து காற்று புகுந்துவிட்டதா? இன்னொரு பாட்டில் மீதி இருக்கிறது. படுக்க வைக்கட்டுமா, உடனே திறக்கட்டுமா? சனிக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள், அதற்குள் சொன்னால் புண்ணியம்.