அயலவரின் உயிர்வேலி நடைபாதையை மூடினால் யார் பொறுப்பு?

கேள்வி:
இங்கிலாந்தில் வசிக்கிறோம். எங்கள் தெருவிலிருந்து பாடசாலைக்குச் செல்லும் ஒழுங்கையில், ஒரு வீட்டின் உயிர்வேலி நடைபாதையில் பாதிக்கு மேல் படர்ந்துவிட்டதால், என் மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிச்செல்ல இயலவில்லை. ஒழுங்கை முடிவிலுள்ள மரத்தின் வேர் நடைபாதைக் கற்களையும் தூக்கிவிட்டது. கவுன்சிலுக்கு (உள்ளூராட்சி மன்றத்துக்கு) எழுதினேன், வேலி தனியாருடையது, தாங்கள் தலையிட முடியாது என்று பதில் வந்தது. மரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேலியை நானே வெட்டிவிடலாமா?

பதில் 1:
அந்தப் பதில் பாதி உண்மைதான். வேலியை வெட்ட வேண்டியவர் வீட்டுக்காரர் என்பது சரி. ஆனால் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 154ஆம் பிரிவின்படி, பாதசாரிகளுக்கு இடையூறாக வளர்ந்த வேலியை 14 நாட்களுக்குள் வெட்டுமாறு வீட்டுக்காரருக்கு அறிவித்தல் கொடுக்கவும், அவர் வெட்டாவிட்டால் தானே வெட்டிச் செலவை அவரிடம் அறவிடவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. அடுத்த கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

அதற்கு முன், அந்த ஒழுங்கை கவுன்சில் பராமரிப்பில் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். பொதுச் செலவில் பராமரிக்கப்படும் வீதிகளின் பட்டியல் ஒன்றை வைத்திருப்பது நெடுஞ்சாலைக்குப் பொறுப்பான கவுன்சிலின் சட்டக் கடமை. அதை எவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம். லண்டனில் அது பரோ கவுன்சில்; கவுண்டி, அதற்குள் மாவட்டம் என்று இரண்டடுக்கு நிர்வாகம் உள்ள பகுதிகளில் கவுண்டி கவுன்சில். பலர் மாவட்டக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டு வீணாகக் காத்திருக்கிறார்கள்.

பதில் 2:
தயவுசெய்து நீங்களே வெட்டாதீர்கள். பறவை கட்டிக்கொண்டிருக்கும் அல்லது பயன்படுத்தும் கூட்டைத் தெரிந்தே சேதப்படுத்துவது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின்படி குற்றமாகும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலான பறவைகள் கூடு கட்டும் காலம். வீட்டுத் தோட்ட வேலியை அம்மாதங்களில் வெட்டவே கூடாது என்ற பொதுத்தடை இல்லை. கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் வெட்டுவதுதான் ஆபத்து. சட்டத்துக்கு முன், மாமியாரின் நிலையைச் சொல்லி அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். வேலியின் வெளிப்பக்கத்தை வீட்டுக்காரர் பார்த்தே இருக்கமாட்டார்.

பதில் 3:
மரத்தைப் பற்றி எழுதும்போது, அதை வெட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். நடைபாதையைச் சீரமைக்கக் கேளுங்கள். 2012இல் ஷெஃபீல்ட் நகரில் வீதிப் பராமரிப்பை அமி நிறுவனத்திடம் 25 ஆண்டுகளுக்கு ஒப்படைத்தபின், வேர்கள் கற்களைத் தூக்கியதையும் ஒரு காரணமாகக் காட்டி ஆயிரக்கணக்கான வீதி மரங்கள் வெட்டப்பட்டன. 2016 நவம்பரில் ரஸ்ட்லிங்ஸ் வீதியில் விடியுமுன்னரே மக்களை எழுப்பி மரங்களை அறுத்த பிறகு எதிர்ப்பு வலுத்தது. 2018இல் பணியை இடைநிறுத்த நேர்ந்தது. கற்களை எடுத்துவிட்டு வளைந்துகொடுக்கும் பூச்சுப் போட்டாலே பல மரங்களைக் காப்பாற்றலாம் என்பதுதான் அங்கு மக்கள் வாதமாக இருந்தது.

கல் எழும்பிய உயரத்தை அளவுகோலுடன் படமெடுத்து, திகதியோடு எழுத்தில் அனுப்புங்கள். எவரேனும் தடுக்கி விழுந்து இழப்பீடு கேட்டால், முறையாகப் பரிசோதித்தும் குறை தங்களுக்குத் தெரியவரவில்லை என்று நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் வாதிடலாம். உங்கள் புகார் பதிவில் இருந்தால் அந்த வாதம் எளிதில் எடுபடாது. வீதிக் குறைகளைக் கவுன்சிலுக்கு அறிவிக்க உதவும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் இணையத்தளத்தில் இட்டால் புகாரும் திகதியும் பொதுவில் நிற்கும்.

கேட்டவர்:
நன்றி. பட்டியலில் எங்கள் ஒழுங்கை இருக்கிறது. முதலில் அயலவரிடம் பேசுகிறேன். கல்லுக்கான புகாரை இன்றே அனுப்புகிறேன்.