வில்லுப்பாட்டுக் குழுவை முழுமையாகப் பதிவு செய்ய எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் பொருந்தும்?

குழித்துறை வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். விளவங்கோடு வட்டாரத்தில் அம்மன் கொடைகளில் பல தலைமுறைகளாகப் பாடிவரும் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் கதைப்பாடல்களை, மூத்த புலவருக்குக் குரல் நன்றாக இருக்கும்போதே, ஒரு கதைகூடச் சுருக்காமல் பதிவு செய்து வைக்க விரும்புகிறோம். கொடை மேடையில் குழாய் ஒலிபெருக்கிகளின் இரைச்சலுக்கு நடுவில் எடுத்த கைப்பேசிப் பதிவுகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் புலவர் பாடும் அடி மட்டும் ஓரளவு புரிகிறதே தவிர, உடன் பாடுவோர் ஏற்று முடிக்கும் அடிகள் பெரும்பாலும் காதில் விழுவதில்லை. ஆகவே ஒரு வீட்டின் பெரிய அறையில் குழுவினரை வழக்கம்போல் ஒன்றாக உட்கார வைத்துப் பதிவு செய்யத் திட்டமிட்டிருக்கிறோம்.

குழுவில் வில்லடிக்கும் புலவர், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை வாசித்துக்கொண்டே பாடுவோர், ஆர்மோனியக்காரர் என ஆறு பேர் இருக்கிறார்கள். எங்களிடம் ஷூர் எஸ்எம்58 மைக்குகள் நான்கு, எஸ்எம்57 இரண்டு, ஒரே வகைக் கண்டென்சர் மைக் ஒரு ஜோடி, விண்டோஸ் லேப்டாப் ஒன்று ஆகியவை உள்ளன. மைக்குகளின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் இன்டர்ஃபேஸுக்கு மட்டும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை ஒதுக்க முடியும். எத்தனை மைக் உள்ளீடுகள் வேண்டும், 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (ஒரு விநாடியில் ஒலியை அளந்து பதியும் எண்ணிக்கை) வரை பதியும் கருவியைத்தான் வாங்க வேண்டுமா, லேட்டன்சி (ஒலி கணினி வழியே வரும்போது ஏற்படும் தாமதம்) பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்களே அது எங்களைப் பாதிக்குமா என்பவை என் கேள்விகள். மைக் செட் போடும் நண்பரின் மிக்சரில் யூஎஸ்பி இருப்பதால் இன்டர்ஃபேஸே தேவையில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அனந்தபுரி ஒலிப்பதிவாளர் பதில்:

வணக்கம் தம்பி. நான் திருவனந்தபுரத்தில் ஒலிப்பதிவு செய்து வருகிறேன். பூர்வீகம் தக்கலைப் பக்கம் என்பதால் வில்லுப்பாட்டு எனக்குப் புதிதல்ல. மிக்சரைப் பற்றிய கேள்வி எளியது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். சிறிய மிக்சர்களில் பெரும்பாலானவை எத்தனை மைக்குகளை இணைத்தாலும் அவற்றைக் கலந்து, இடம் வலம் என்ற இரண்டே தடங்களாகத்தான் யூஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்பும். கலந்துவிட்ட ஒலியிலிருந்து உடன் பாடுவோரின் குரலை மட்டும் பின்னால் உயர்த்த வழியில்லை. உங்கள் குறையே அந்த அடிகள் கேட்கவில்லை என்பதுதான் என்பதால், ஒவ்வொரு மைக்கையும் தனித் தடமாகப் பதியும் இன்டர்ஃபேஸ்தான் உங்களுக்கு வேண்டும்.

அடுத்து, கருவிகளின் பெயரில் உள்ள எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ16 என்ற பெயரைப் பார்ப்பவர் 18 மைக்குகளை இணைக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. உண்மையில் மைக்கிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் மைக் ப்ரீஆம்ப் அதில் நான்கு மட்டுமே. மற்றவை, ஏற்கெனவே பெருக்கிய ஒலியை ஏற்கும் லைன் உள்ளீடு நான்கு, எஸ்பிடிஐஎஃப் என்னும் டிஜிட்டல் உள்ளீடு இரண்டு, ஏடாட் என்னும் ஒளியிழை வழியாக வரக்கூடிய எட்டு. அதன் பெரிய அண்ணனான 18ஐ20 கருவியில்தான் எட்டு மைக் ப்ரீஆம்ப்கள் இருக்கின்றன. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை மைக் ப்ரீஆம்ப்' என்பதுதான். எட்டு ப்ரீஆம்ப் உள்ளவற்றில் பெரிங்கர் யூஎம்சி1820, ப்ரீசோனஸ் ஸ்டுடியோ 1824சி, ஆடியன்ட் ஈவோ 16, ஸ்கார்லெட் 18ஐ20 ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. இவற்றில் யூஎம்சி1820 மற்றவற்றைவிட விலை நன்றாகக் குறைந்தது; உங்கள் தொகைக்குள் மைக் ஸ்டாண்டுகளுக்கும் கேபிள்களுக்கும் சேர்த்து இடம் விடும்.

192 கிலோஹெர்ட்ஸ் உங்களுக்குத் தேவையில்லை. மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 24 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வரையுள்ள ஒலி முழுவதும் பதிவாகிவிடும், வில்லில் கட்டிய மணிகளின் கூர்மையான ஓசையும் அதில் அடங்கும். இதைவிட 24 பிட் ஆழம் முக்கியமானது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே பதியக்கூடிய வித்தியாசத்துக்கு 16 பிட்டின் எல்லை 96 டெசிபெல். 24 பிட்டின் எல்லை கணக்குப்படி 144 டெசிபெல். எந்தக் கருவியும் அந்த 144ஐ நடைமுறையில் எட்டுவதில்லை என்றாலும், ஒலி உச்சத்தில் இருக்கும்போதும் முழு அளவுக்கு 12 டெசிபெல் கீழேயே நிற்குமாறு தாராளமாக இடம்விட்டுப் பதிவு செய்ய 24 பிட் அனுமதிக்கிறது. கதை சூடுபிடிக்கும்போது உடுக்கையும் குடமும் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை அறிந்தவர் என்பதால் இதன் பயன் உங்களுக்கே விளங்கும். எட்டுத் தடங்களை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் மணிக்கு ஏறக்குறைய 4.1 ஜிபி ஆகும். நான்கு மணிநேரக் கதைக்கும் 17 ஜிபி போதும் என்பதால், எந்தப் பகுதியையும் வெட்ட வேண்டிய அவசியம் வராது.

லேட்டன்சியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏற்கெனவே பதிந்த தடத்தை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு, தன் குரலையும் கணினி வழியே திரும்பக் கேட்டபடி பாடுபவருக்குத்தான் அது தொல்லை தரும். உங்கள் குழுவினர் ஒரே அறையில் ஒருவரையொருவர் நேராகக் கேட்டுப் பாடுகிறார்கள். கணினிக்கு ஒலி எப்போது போய்ச் சேருகிறது என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பஃபர் (கணினி ஒலியைச் சிறிது சேர்த்துவைத்துக் கையாளும் இடம்) அளவைக் குறைக்க முயலாமல் 512 அல்லது 1024 சாம்பிள் என்று உயர்த்தி வையுங்கள். லேப்டாப்புக்குச் சுமை குறையும், நடுவில் ஒலி அறுபடும் வாய்ப்பும் குறையும். ஆனால் விண்டோஸில் பல தடங்களை ஒன்றாகப் பதியக் கருவியை உருவாக்கிய நிறுவனமே தரும் ஏஎஸ்ஐஓ டிரைவர் (கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) வேண்டும். உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அது கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே அந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பதிவு மென்பொருளுக்கு ரீப்பர் போதுமானது; 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கலாம்.

செங்கோட்டை உடுக்கை பதில்:

அண்ணாச்சி சொன்னவற்றில் மிக்சர், சாம்பிள் ரேட், லேட்டன்சி ஆகியவற்றை நான் அப்படியே ஏற்கிறேன். எட்டு மைக் என்பதில் மட்டும் மாறுபடுகிறேன். வில்லுப்பாட்டில் வில் குடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது, ஆட்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு மைக்குகளைத் திறந்து வைத்தால் ஒவ்வொன்றிலும் எல்லா ஒலியும் சிறிது சிறிது நேர வேறுபாட்டோடு நுழையும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகிறது; அப்படித் தாமதித்து வரும் ஒரே ஒலியைக் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, உடுக்கையின் நாதம் தகரம்போல் ஒலிக்கும். ஒரு மைக்குக்கும் அதன் ஆளுக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் அடுத்த மைக் இருக்க வேண்டும் என்பது ஒலிப்பதிவாளர்கள் பின்பற்றும் விதி. இந்த நெருக்கமான அமர்வில் எட்டு மைக்குகளுக்கு அதைக் கடைப்பிடிப்பது கடினம்.

ஆகவே என் பரிந்துரை நான்கு மைக்குகள். இரண்டு கண்டென்சர்களையும் குழுவுக்கு முன்னால், மைக்குகளின் தலைகள் 17 சென்டிமீட்டர் விலகி, ஒன்றுக்கொன்று 110 பாகைக் கோணத்தில் திரும்பியிருக்குமாறு வைத்து, முழுக் குழுவையும் இயல்பான அமர்விலேயே பிடியுங்கள். புலவருக்கு ஓர் எஸ்எம்58, குடத்தின் அருகே ஓர் எஸ்எம்57. இதற்கு நான்கு ப்ரீஆம்ப் உள்ள ஸ்கார்லெட் 18ஐ16, ஆடியன்ட் ஐடி44 ஆகியவற்றில் ஒன்று போதும். அறைக்கும் சிறிது பணம் செலவிடுங்கள். சிமெண்ட் சுவரும் பளபளப்பான தரையும் உள்ள அறையில் எத்தனை விலையுயர்ந்த இன்டர்ஃபேஸை வைத்தாலும் சொற்கள் எதிரொலியில் கலைந்துதான் போகும். கனத்த ஜமுக்காளம் விரித்து, சுவர்களில் மெத்தைகளைச் சாய்த்து வைத்தால் அது பெருமளவு அடங்கும்.

அனந்தபுரி ஒலிப்பதிவாளர் பதில்:

முன்னால் வைக்கும் இரு கண்டென்சர்களாகிய ஸ்டீரியோ ஜோடியைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும் என்பதில் செங்கோட்டை நண்பரோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் இது ஓர் இசைத்தட்டுக்கான பதிவு மட்டும் அல்ல. ஒரு மரபின் ஆவணம். உடன் பாடுவோரின் வாய்க்கு அருகே ஒரு மைக் இருந்தால், அந்தத் தடம் கலவையில் சேராவிட்டாலும், நாளைக்கு ஏட்டில் எழுத உட்காரும் ஒருவர் அதை மட்டும் தனியே ஒலிக்கவிட்டு, விழுங்கப்பட்ட சொல்லைக் கேட்டு எழுத முடியும். எட்டையும் பதிந்துவிட்டு, கலக்கும்போது நான்கைப் பயன்படுத்தலாம். நான்கை மட்டும் பதிந்துவிட்டு எட்டாக்க முடியாது. வேறு சூழலில் நானும் நான்கையே சொல்லியிருப்பேன்.

குழித்துறை வாசகர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உடன் பாடுவோரின் அடிகள்தான் எங்களுக்கு உயிர் என்பதால் எட்டு என்ற கருத்தின் பக்கமே சாய்கிறேன். ஆனால் கலவைக்கு ஸ்டீரியோ ஜோடியையே அடிப்படையாக வைப்போம். இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போய் வருகிறது. மேலும் முன்பு அந்த வீட்டில் ஒரு மைக் சோதித்தபோது அடியில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கருவியை நாகர்கோவிலில் வாங்குவதா, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் வாங்குவதா என்பதையும் சொல்லுங்கள்.

களியக்காவிளை மின்பணியாளர் பதில்:

வணக்கம். நான் வீட்டு மின்பணி செய்பவன். ஒலிபெருக்கிக் குழுக்களுக்கும் இணைப்புக் கொடுத்து வருகிறேன். நீங்கள் கேட்ட உறுமல் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸாகவோ அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸாகவோ இருக்க வேண்டும். முதலில் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல இடங்களில் அதிலேயே ஓசை நின்றுவிடும். நிற்காவிட்டால், இன்டர்ஃபேஸ் உட்பட எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து, ஒரே எர்த்தில் எடுங்கள். வெவ்வேறு அறைகளிலிருந்து எடுத்தால் எர்த்துக்கு இரு பாதைகள் உண்டாகி உறுமல் எழும். மைக் கேபிள்கள் மின்கம்பிகளோடு இணையாக ஓடாமல், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஒன்றை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். உறுமல் போகிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் முனையை உடைக்கவோ டேப் ஒட்டி மறைக்கவோ எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். மைக்கின் உலோக உடலைப் பிடித்துப் பாடுபவரின் உயிரைக் காப்பது அந்த முனைதான். பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்து பயனற்றுப் போயிருக்கும். பதிவுக்கு முன்பே ஒரு மின்பணியாளரை அழைத்து அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மின்வெட்டைப் பொறுத்தவரை, நீங்கள் பேசும் எட்டு ப்ரீஆம்ப் கருவிகளுக்குத் தனி மின்சாரம் வேண்டும். லேப்டாப்பின் யூஎஸ்பியிலிருந்து அவை ஓடாது. ஆகவே லேப்டாப் பேட்டரியில் நின்றாலும் மின்சாரம் போன கணத்தில் இன்டர்ஃபேஸ் அணைந்து பதிவு அறுபடும். கம்ப்யூட்டருக்குப் பயன்படும் சிறிய யூபிஎஸ் ஒன்றை இன்டர்ஃபேஸுக்கு மட்டும் கொடுத்தால், அதற்குத் தேவைப்படும் மின்சாரம் குறைவு என்பதால், கதையின் ஒரு பகுதியை நிறைவாக முடிக்கும் அளவுக்குத் தாங்கும். இடி மின்னல் உள்ள நாளில் பதிவே வேண்டாம்.

வாங்கும் இடத்தைப் பற்றி: 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வரி ஒன்றே என்பதால், வரிக்காகப் பேருந்து ஏற வேண்டியதில்லை. எந்தக் கடை முறையான பில்லும் இந்திய உத்தரவாதமும் தருகிறதோ, பழுதானால் எங்கு அனுப்ப வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறதோ, அங்கே வாங்குங்கள்.

செங்கோட்டை உடுக்கை பதில்:

எட்டு என்றே முடிவானால் ஒரு வழி இருக்கிறது. இப்போது நான்கு ப்ரீஆம்ப் உள்ள 18ஐ16 போன்ற ஒன்றை வாங்கிக்கொண்டு, பின்னால் பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற ஏடாட் பெட்டியைச் சேர்த்தால் இன்னும் எட்டு மைக்குகள் கிடைக்கும். ஆர்மோனியத்தோடு நாதஸ்வரம், தவில் எனக் குழு பெருகும் நாளுக்கு அது உதவும். 48 கிலோஹெர்ட்ஸ் வரை ஏடாட் எட்டுத் தடங்களைக் கடத்தும். 96க்குப் போனால் நான்காகக் குறைந்துவிடும், அந்தப் பெட்டியோ 48க்கு மேல் ஓடாது. ஆகவே 48லேயே இருங்கள்.

அனந்தபுரி ஒலிப்பதிவாளர் பதில்:

நல்ல வழி. அப்படி இணைத்தால் இரண்டு கருவிகளில் ஒன்றின் கிளாக்கை (சாம்பிள்களின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் உள்கடிகாரம்) மட்டும் தலைமையாக வைத்து மற்றதை அதைப் பின்பற்றச் செய்யுங்கள். இரண்டும் தத்தம் கிளாக்கில் ஓடினால் சொடுக்குச் சத்தங்கள் இடையிடையே பதிவில் ஏறும், அவற்றைப் பின்னால் நீக்குவது பெரும்பாடு. புலவரை அழைக்கும் முன்பே ஆர்மோனியத்தை மட்டும் அரை மணிநேரம் வாசிக்கச் சொல்லிப் பதிந்து, ஹெட்ஃபோனில் முழுவதும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.