எண்டைட்டில்மென்ட்: செயலிக்கு ஒன்று, உரிமத்துக்கு ஒன்று

தண்டையார்பேட்டையிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம். மாலை வகுப்புக்கான ஐபிஎம் ஐ (ஐபிஎம் நிறுவனத்தின் ஓர் இயங்குதளம்) பாடக்குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அதில் ‘எண்டைட்டில்மென்ட்’ (entitlement) என்ற ஒரே ஆங்கிலச் சொல், பார்ட்டிஷனுக்கு (ஓர் இயந்திரத்துக்குள் தனி இயந்திரம்போல் இயங்கும் பகுதிக்கு) உறுதியாக ஒதுக்கப்பட்ட செயலித்திறனையும், இயங்குதளத்தை இத்தனை கோர்களில் (செயலியின் கணிப்பு மையங்களில்) ஓட்டலாம் என்று வாங்கி வைத்த உரிமத்தையும் குறிக்கிறது. 0.5 கோர் ஒதுக்கீடும் 2 மெய்நிகர் செயலிகளும் கொண்ட பார்ட்டிஷனுக்கு உச்சவரம்பு இடாமல் விட்டால், பார்ட்டிஷன்கள் பகிர்ந்துகொள்ளும் செயலிகளின் பொதுக் குளத்தில் மிச்சம் இருக்கும்போது அது 2 கோர் வரை இழுத்துக்கொள்ளும். உரிமமும் அந்த 2 கோருக்குத் தேவைப்படும். இரண்டையும் ‘உரிமை’ என்றெழுதினால், துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகங்களுக்கு வேலைக்குப் போகும் மாணவர்கள் அரைக் கோர்க் கணக்கோடு நின்றுவிடுவார்கள். இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச்சொல் சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

முன்னதற்கு ‘ஒதுக்கீடு’ போதும். பின்னதற்குக் ‘கிழமை’ என்பதே என் முன்மொழிவு. உரிமம் என்பது தரப்படும் ஆவணம். அந்த ஆவணத்தால் உடையவருக்கு வந்து சேர்வது ஆறாம் வேற்றுமைப் பொருளாகிய கிழமை, அதாவது உடைமை. உரிமம் இயந்திரத்தின் வரிசை எண்ணோடு பிணைக்கப்படுவதால் இயந்திரத்துக்கு அது, சாத்தனது கை என்பதுபோல், பிரிக்க முடியாத உடைமையாகிய தற்கிழமை. பார்ட்டிஷன்களுக்கிடையே மாற்றிப் பங்கிடத்தக்கதாகையால் அவற்றுக்கு, வேறாக நிற்கும் உடைமையாகிய பிறிதின்கிழமை. கிழவன், கிழத்தி என்னும் சொற்களிலும் உரியவர் என்பதே பழம்பொருள். முதுமை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பெரம்பூரிலிருந்து:

ஐயா, இலக்கணம் இனிக்கிறது. ஆனால் ‘இரண்டு கோர்க் கிழமை’ என்று கரும்பலகையில் எழுதினால், திங்களா செவ்வாயா என்று பின்வரிசை கேட்கும். தவிர, விதிகளுக்கு உட்பட்டு உரிமத்தைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றவும் வழியுண்டு. தற்கிழமையைக் கழற்றி மாட்ட முடியுமா? ‘உரிம அளவு’ என்றால் என்ன கெட்டுவிடும்?

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

கெடும். இயங்குதளம் பயன்பாட்டெல்லையையும் நடப்புப் பயன்பாட்டையும் தனித்தனியே காட்டுகிறது. ‘அளவு’ இரண்டுக்கும் பொருந்தும். உரிம விசை (லைசென்ஸ் கீ) இடாமலே 70 நாள் சலுகைக்காலத்தில் ஓடுகிறதே, அப்போது ஓடும் அளவு உண்டு, உரியது உண்டா?

தண்டையார்பேட்டையிலிருந்து:

கடைசி வாதம் வலுவானது. ஆயினும் விடையளித்தவர்களில் பெரும்பாலோர், சற்றே களைத்துப்போய், ‘உரிம அளவு’ என்பதற்கே இசைந்துள்ளனர். ‘செயலி ஒதுக்கீடு’, ‘உரிம அளவு’, ‘நடப்புப் பயன்பாடு’ என்று மூன்றாகப் பிரித்து அச்சுக்கு அனுப்புகிறேன். ‘பார்ட்டிஷன்’ இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். ‘பாகம்’ என்றால் வடசொல் என்பார்கள், ‘பிரிவினை’ என்றால் சொத்துத் தகராறு என்பார்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

அச்சில் உங்கள் விருப்பம். குழுமச் சொற்பட்டியலில் ‘கிழமை’யை மறுப்புக் குறிப்போடு சேர்த்துவிடுங்கள்.