மறு: ‘ஜாயின்டு ஃபர்னிச்சர்’ – ‘முளைமூட்டு அறைகலன்’ சரியா?

வணக்கம். ‘ஜாயின்டு ஃபர்னிச்சர்’ என்பது, சட்டங்களின் முனையைத் துளையில் கோத்து, மர முளையால் இறுக்கிச் செய்யும் அறைகலன் (மேசை, நாற்காலி, பெட்டி போன்றவை). அதற்கான தமிழ்ச்சொல் பற்றி வந்த கேள்வி இது:

> ‘இணைப்பு அறைகலன்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

அப்படி வைத்தால் முக்கியமான ஒரு வேறுபாடு காணாமல் போய்விடும். ஆணி அடித்தாலும் இணைப்புதானே! 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் இதற்காகத் தச்சர்கள் சண்டையே போட்டார்கள். 1632-இல் ஆல்டர்மன்கள் எனப்படும் நகர மூத்த உறுப்பினர்களின் சபை வேலையைப் பிரித்துக் கொடுத்தது: துளையில் முனையைக் கோத்துச் செய்பவை ஜாயினருக்கு, பலகைகளை ஆணியடித்துச் செய்பவை கார்ப்பென்டருக்கு. இருவரையும் நாம் ‘தச்சர்’ என்றே எழுதினால் அந்தச் சண்டை எதற்கென்று வாசகருக்கு விளங்காது.

ஜாயினர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். ஓக் மரத்தை ஈரம் காயும் முன்பே, நடுவிலிருந்து ஆரக்கால் மாதிரி பரவும் வரிகளை ஒட்டி ஆப்பு வைத்துப் பிளப்பார். சட்டங்களைக் கோக்கும்போது, உள்ளே நுழையும் முனையின் ஓட்டையை, துளைப் பக்கத்து ஓட்டைக்கு நேராக இல்லாமல் சற்றே தள்ளிப் போடுவார். காய்ந்த மர முளையை அதில் அடித்து இறக்கினால் மூட்டு தானாக இழுபட்டு இறுகும். சட்டங்களுக்கு நடுவிலுள்ள பலகை பசையில்லாமல் காடியில் (நீளப் பள்ளத்தில்) உட்கார்ந்திருக்கும், சுருங்கினாலும் வெடிக்காது. செதுக்கு வேலைக்கு இடம் இந்தச் சட்டமும் பலகையும்தான். இங்கிலாந்தின் யார்க்ஷர் நாற்காலிகளில் முதுகின் மேல்கட்டை, மேலே நீளும் இரு பின்கால்களின் உச்சியையும் மூடிக்கொண்டு சுருள் சுருளாக நீளும். லங்காஷர், செஷர் பக்கம் அதே கால்களின் உச்சியில் சிறு பிரமிடு நிற்கும். மேல்மூட்டு எப்படி முடிகிறது என்பதே பல நேரம் ஊரைச் சொல்லிவிடும்.

அதனால்தான் ‘முளைமூட்டு’ என்கிறேன். முளை என்றால் விதைதானே நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். மாடு கட்ட இன்றும் முளைதான் அடிக்கிறோம். மூட்டும் முழங்காலோடு நின்றுவிடும் சொல் இல்லை, கைலியை மூட்டித்தான் கட்டுகிறோம். அப்படியானால் முளைமூட்டுப் பெட்டி, ஆணிப்பலகைப் பெட்டி என்று இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். ஜாயினர் ‘மூட்டுத்தச்சர்’ ஆகிவிடுவார். ஜாயின்ட் ஸ்டூலை மட்டும் முக்காலி என்று எழுதிவிட வேண்டாம், அதற்கு நான்கு கால்.

அப்புறம், முதுகில் பலகை பதித்த ஓக் நாற்காலியான ‘வெயின்ஸ்காட் நாற்காலி’க்குச் சொல் இன்னும் பிடிபடவில்லை. ‘பலகைமுதுகு நாற்காலி’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் வெயின்ஸ்காட் என்பது முதலில் நல்ல ஓக் பலகைக்கே வழங்கிய பெயர். என் சொல்லில் முதுகு இருக்கிறது, மரம் இல்லை. உங்களில் யாருக்காவது வேறு சொல் தோன்றுகிறதா?